பாத்திர நோட்டு

அப்பா போன பதினோராம் நாள், சமுதாயக்கூடத்துச் சாவி கேட்டு டேங்க் ஆபரேட்டர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பதினாறாம் நாள் படத்திறப்பு. எங்கள் பக்கத்தில் கருமாதிச் சடங்கு முடிந்ததும், மாலை போட்ட படத்தைத் திறந்துவைத்து நாலு பேர் பேசுவார்கள். அப்புறம் சாப்பாடு. முந்நூறு பேருக்கு இலை போட வீட்டு வாசல் போதாது.

ஊராட்சிக் கட்டடத்துச் சாவி தண்ணீர்த் தொட்டிக்காரரிடம் ஏன் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கு அது கேள்வியாகவே தோன்றியதில்லை. மோட்டார் ரூம் சாவி, தெருவிளக்குப் பெட்டிச் சாவி, கூடத்துச் சாவி மூன்றும் அவருடைய ஒரே வளையத்தில் கிடக்கும். தலைவர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார், செயலர் மாற்றலாகிப் போவார். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஊர் வேலையாக வெளியே வருகிற ஆள் இவர் ஒருத்தர்தான்.

"வாங்க தம்பி. பதினாறு என்னைக்கு வருது?" என்று கேட்டுக்கொண்டே பரணிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். "நீங்களே எழுதிருங்க. என் கண்ணாடி உடைஞ்சு கெடக்கு."

பாத்திர நோட்டு. சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. கூடத்தோடு சேர்ந்து வாடகைக்கு விடும் ஊர்ப் பொதுப் பாத்திரங்களின் கணக்கு. கோடு போட்டு ஏழு கட்டம்: தேதி, பெயர், விசேஷம், எடுத்தது, கொடுத்தது, குறைவு, அபராதம். முதல் பக்கத்தில் யாரோ அழகான கையெழுத்தில் இருப்புப் பட்டியல் எழுதியிருக்கிறார்கள். அண்டா 4, தேக்சா 6, வாளி 12, சாதக் கரண்டி 6, ஜல்லிக்கரண்டி 3, அரிவாள்மணை 5, தேங்காய்த் துருவி 2, பவானி ஜமக்காளம் 8. பட்டியலின் கீழே, கொஞ்சம் பெருமையோடு, "ஊர்ப் பொதுப்பணத்தில் வாங்கியது."

"படிக்கணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க, நாளைக்குக் குடுத்தாப் போதும்" என்றார். துக்க வீட்டில் இரவு தூக்கம் ஏது? அன்று ராத்திரி முழுக்க அதைத்தான் படித்தேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில், கல்லணைக் கால்வாயின் கடைமடை. தென்னையும், தண்ணீர் வந்த வருஷத்தில் நெல்லும். கூடம் 1998இல் கட்டியது. அறுபதுக்கு முப்பது அடி, ஒரு மூலையில் மேடை, பின்னால் ஷீட் போட்ட சமையல்கட்டு. கழிப்பறை பத்து வருஷம் கழித்துத்தான் வந்தது. பெண்கள் அதுவரை என்ன செய்தார்கள் என்று கட்டியவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வாசலில் ஒரு கறுப்புக் கல்வெட்டு, தொகுதி மேம்பாட்டு நிதி என்று. ஊர்ப் பெயரைவிடத் திறந்துவைத்தவர் பெயர் மூன்று மடங்கு பெரிய எழுத்தில்.

அதற்கு முன்பு கல்யாணம் என்றால் வாசலில் கீற்றுப் பந்தல்தான். அம்மா கல்யாணத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, பந்திக்கு உட்கார்ந்தவர்கள் இலையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடியதை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். பந்தல் போட வாசல் இருந்தவர்களின் கதை இது. வாசலே இல்லாதவர்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போனார்கள். பொது இடம் என்று இருந்தது பிள்ளையார் கோயில் முன்மண்டபம். அதைப் பொது என்று சொல்ல வேண்டுமானால் கீழத்தெருக்காரர்களை ஊர்க்கணக்கில் சேர்க்காமல் இருக்க வேண்டும்.

ஊர்க்கூட்டம், கிராம சபை என்று பேச்சு வந்தால் மேடையில் இருப்பவர்கள் உடனே உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். பெருமைதான், மறுக்கவில்லை. அந்தக் கல்வெட்டையே படித்துப் பார்த்தால், குடத்துக்குள் பெயர் போக வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அப்பா பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. டேங்க்காரர் பெயரும்தான்.

இப்போதைய கிராம சபைக்கு நிலமும் வேதமும் வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். எங்கள் ஊர் மூவாயிரத்துக்குள் என்பதால் நூறு பேர் வந்தால் கோரம், அதாவது சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நாலு நாள் இருந்தது. பிறகு உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறாகிவிட்டது. கூடத்தில்தான் நடக்கும். நூறுநாள் வேலைக்காரப் பெண்களை வரிசையாக உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினால் கோரம் ஆகிவிடும், பிறகு தீர்மானம் படிப்பார்கள். நான் போன இரண்டு மூன்று சபைகளில் உருப்படியாகப் பேசியது அந்தப் பெண்கள்தான். குளத்து வேலைக்கு அளவு போட்டதில் எத்தனை அடி குறைந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அது பாத்திர நோட்டில் வராது. கிராம சபைக்கு அண்டா எடுப்பதில்லை.

நோட்டைப் புரட்டினால் ஊரின் பஞ்சாங்கம் தெரிகிறது. தை, வைகாசி, ஆவணியில் வரி வரியாக நெருக்கம். மார்கழி வெறுமை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு. 2003வரை ஒரு துக்கக் காரியமும் இல்லை. தாலி கட்டுகிற இடத்தில் கருமாதிச் சோறு போடுவதா என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். 2004 ஜூனில் முதல் படத்திறப்பு, ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருடையது. பக்கத்திலேயே வேறு கையெழுத்தில், "கூடம் கழுவிவிடப்பட்டது." அடுத்த ஐந்தாறு படத்திறப்புக்கும் அதே குறிப்பு தொடர்கிறது. அப்புறம் குறிப்பைக் காணோம். கழுவாமல் விட்டார்களோ, கழுவியதை எழுதத் தோன்றவில்லையோ.

ஆடியில் வேறு ஊர் நோட்டாக இருந்தால் வெள்ளையாகக் கிடக்கும். எங்கள் நோட்டில் ஆடியும் ஆவணியும்தான் நிரம்பி வழிகின்றன, மொய்விருந்தால். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. விருந்து வைப்பதற்காகவே விருந்து. பத்திரிகை அடிப்பார்கள், கறிச்சோறு போடுவார்கள், சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். இதுவரை நான் எழுதிய மொய்யெல்லாம் அன்று எனக்குத் திரும்பி வரும். வாங்கியதை மட்டும் அப்படியே திருப்பிக் கொடுத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறான் என்று அர்த்தம். மேலே கொஞ்சம் சேர்த்து எழுதினால்தான் உறவு தொடரும். ஒருத்தருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் முறை வரும்.

ஒருவர் தனியாக வைத்தால் செலவு தாங்காது என்று ஏழெட்டுப் பேர் கூட்டாகச் சேர்ந்து கூடத்தை ஒரே நாளுக்கு எடுப்பார்கள். சாப்பாட்டுச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மொய் மட்டும் தனித்தனி. சுவரோரமாக ஏழெட்டு மேசை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர் அட்டை. எழுத ஒருவர், பணம் வாங்க ஒருவர், சில்வர் குடமோ அண்டாவோ ஒன்று. ஆமாம், நோட்டில் "அண்டா 1, மொய்ப்பணத்துக்கு" என்றே ஒரு வரி இருக்கிறது. சித்தப்பா ஒரு விருந்தில் நாலரை லட்சம் எடுத்து, அந்தப் பணத்தில் போர்வெல் இறக்கினார். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. ஆனால் திருப்பிக் கொடுக்காதவன் அந்தக் கூடத்துக்குள் இன்னொரு முறை தலைநிமிர்ந்து நுழைய முடியாது. நாலு லட்சம் திருப்ப வழியில்லாமல் திருப்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்ட வீடு ஒன்றும் எங்கள் தெருவில் உண்டு. மொய்விருந்தை ஏழைகளின் வங்கி என்று எழுதுகிறவர்கள் அந்தப் பூட்டிய வீட்டையும் வந்து பார்க்கலாம்.

நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் இரண்டே வரி. "15.11.2018, வியாழன். வளைகாப்பு ஒத்திவைப்பு. பாத்திரம் எடுக்கவில்லை." அதற்குக் கீழே, "பூட்டு 1, உடைக்கப்பட்டது." பிறகு ஒரு பக்கம் முழுக்க வெள்ளை.

கஜா புயல்.

மறுநாள் விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, நேராக எங்கள் தலைக்கு மேலே போனது. முந்தின நாளே மைக் வைத்துப் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொன்னார்கள், யாரும் போகவில்லை. 1952ஐயும் 1977ஐயும் பார்த்த கிழவர்கள் இருந்தார்கள். "இந்தப் பக்கம் வந்தாலும் காத்துதான் அடிக்கும்" என்றார்கள். காற்றுதான் அடித்தது. மூன்று மணியிலிருந்து தென்னை விழுகிற சத்தம். தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு பிரித்துக் கேட்க முடியாமல் ஆனது. நான் அப்போது சென்னையிலிருந்து தீபாவளிக்கு வந்தவன், காய்ச்சலில் தங்கிவிட்டேன். எங்கள் தோப்பில் 140 மரம் இருந்தது. விடிந்ததும் அப்பா எண்ணினார், 9 நின்றது. மறுபடி எண்ணினார்.

சாவி டேங்க்காரரிடம். அவர் வீட்டின் மேல் புளியமரம் கிடந்தது, அவரும் சம்சாரமும் மாட்டுக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் கேட்பது என்றால், ஊராட்சிக்குத் தலைவரே கிடையாது. 2016இல் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காமல், தமிழ்நாடு முழுக்கத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. எங்கள் தனி அலுவலர் எங்கே இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது, சாலையெல்லாம் மரம். கடப்பாரையால் பூட்டை உடைத்தது யார் என்பதில் இன்றுவரை ஊரில் மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்.

இந்த இடத்தில், எங்கள் ஊரில் இரண்டு சமுதாயக்கூடங்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மேலே சொன்னது ஊருக்குப் பொதுவானது. இன்னொன்று கீழத்தெருவில், ஆதிதிராவிடர் சமுதாயக்கூடம் என்று பெயர் எழுதியது, சின்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்காலும் நானூறு மீட்டரும். அவர்கள் நம் கூடத்தை எடுக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. "அவங்களுக்குத்தான் தனியா கட்டிக் கொடுத்திருக்கே" என்று ஒரு வாக்கியம் இருந்தது, அது போதும். 1997இல் சமத்துவபுரத் திட்டம் வந்தபோது எல்லாச் சாதிக்கும் நூறு வீடு, நடுவில் ஒரே கூடம் என்று வரைந்து கட்டினார்கள். முதலாவது மதுரைப் பக்கம் மேலக்கோட்டையில் 1998இல் திறந்தது. அதே வருஷம் கட்டிய எங்கள் கூடத்து நோட்டில் இருபது வருஷத்துக்குக் கீழத்தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை. அன்று ராத்திரி அதைத் தேடிப் பார்த்தேன். எனக்கு முன்பே தெரிந்ததுதான். எழுத்தில் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது.

கஜாவில் கீழத்தெருக் கூடத்தின் ஷீட் முழுக்கப் பறந்துவிட்டது. அன்று காலை ஒன்பது மணிக்கு அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வாய்க்காலைத் தாண்டி வந்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மழை நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. கூடத்தில் மேடைப் பக்கம் நாங்கள், வாசல் பக்கம் அவர்கள் என்று தானாக ஒரு கோடு விழுந்தது. மத்தியானம் அண்டா ஏற்றினார்கள். எங்கள் பெரியத்தை முதல் நாள், "வயிறு சரியில்ல" என்று வெறும் இளநீரோடு படுத்துக்கொண்டாள். இரண்டாம் நாளும் வயிறு சரியில்லை. மூன்றாம் நாள் கீழத்தெருக் கிழவி ஒருத்தி கஞ்சியும் துவையலும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எந்திரிங்க ஆச்சி, செத்துப்போனா இழுத்துப் போடக்கூட வழியில்ல, ரோடெல்லாம் மரமாக் கெடக்கு" என்றாள். பெரியத்தை எழுந்து குடித்தாள்.

பதினோரு நாள் அந்தச் சமையல் நடந்தது. விழுந்த தேங்காய்தான் எங்கும் கிடந்தது. சாம்பாரில் தேங்காய், ரசத்தில் தேங்காய். நிவாரண லாரிகள் மெயின் ரோட்டு ஊர்களைத் தாண்டி உள்ளே வர நாலைந்து நாளாயிற்று. வாடகை ஜெனரேட்டர் வந்ததும் முதலில் டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றினார் நம் ஆள். மிச்ச நேரத்தில் கூடத்துக்குள் ஒயர் இழுத்து, மேடையில் ஐம்பது செல்போன் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கூப்பிடும்போது யாருடைய போன் அடிக்கிறது என்று தெரியாமல் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள்.

கரண்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின்வாரிய ஆட்கள் டெல்டாவுக்கு வந்து இறங்கினார்கள். எங்கள் கூடத்தில் தங்கியது ஈரோட்டுப் பக்கத்து லைன்மேன்கள் இருபது பேர். சேற்றுக் காலோடு இடுப்பளவுத் தண்ணீரில் கம்பம் சுமந்துவிட்டு வந்து, படுக்க விரித்துக் கொடுத்த ஜமக்காளத்தைத் தடவிப் பார்த்து, "இது நம்மூரு சரக்குங்க" என்றார் ஒருவர். பவானிக்காரராம். தெருவில் முதல் பல்பு எரிந்த அன்று அவர்களுக்குக் கோழி அடித்தோம்.

இதில் ஒரு வரிகூட நோட்டில் இல்லை. அந்த நாட்களில் யாரும் எதையும் எழுதிக்கொண்டு எடுக்கவில்லை. பாத்திரம் குறையவும் இல்லை. 2019 தையில் கணக்கு மறுபடி தொடங்கும்போது இருப்பு எடுத்திருக்கிறார்கள். அண்டா 4, தேக்சா 6, எல்லாம் சரி. ஜமக்காளத்தில் மட்டும் ஒன்று கூடுதல், 9. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

புயலுக்குப் பிறகு ஊர் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கீழத்தெருக் கூடத்துக்குப் புது ஷீட் போட்டார்கள், அவர்கள் வாய்க்காலைத் தாண்டித் திரும்பிப் போனார்கள். அந்த ஆடியில் மொய்விருந்துகள் பாதியாகக் குறைந்தன. தென்னை போனவனிடம் மொய்க்குப் பணம் ஏது? நோட்டில் மாறியது ஒன்று. 2019 வைகாசியில், "கீழத்தெரு. வளைகாப்பு. அண்டா 1, வாளி 4." அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று வரி. பாத்திரம் மட்டும். கூடத்தை எடுத்தது இதுவரை ஒரே ஒருமுறை, 2022இல், நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு. எங்கள் தெருவில் அந்த 2019க்குப் பிறகு மூன்று வீட்டில் சொந்தமாக அண்டா வாங்கினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் கேட்காததும் ஒரு பதில் என்று உறைக்கிறது.

இப்போது வசதி உள்ளவர்கள் யாரும் கூடத்துக்கு வருவதில்லை. மெயின் ரோட்டில் ஏசி மஹால் வந்துவிட்டது. கார் நிறுத்த இடம், மணமகள் அறை, டைனிங் ஹாலில் மேசை நாற்காலி. ஒரு நாள் வாடகை எங்கள் கூடத்தைப் போல நாற்பது மடங்கு. பாத்திரமே கேட்டரிங்காரர் கொண்டுவந்துவிடுகிறார், எண்ணிக் கழுவும் வேலை இல்லை. சரி, சௌகரியம்தானே. நானே தங்கை கல்யாணத்தை அங்கேதான் வைத்தேன். அப்பாவுக்கு அதில் வருத்தம், வெளியே சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து, "பந்தியில யாரு உக்காந்தாங்கன்னே தெரியல" என்றார். பந்தி விசாரிக்கிற வேலை அங்கே யூனிபார்ம் போட்ட பையன்களுக்குப் போய்விட்டது. நாற்பது வருஷமாக ஊர் விசேஷங்களில் சாம்பார் வாளியோடு நடந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதனால்தான் படத்திறப்பைக் கூடத்தில் வைப்பது என்று முடிவெடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பதினாறாம் நாள் காலை சுவரில் ஒழுகல் தடம், மேடையில் ஒரு பக்கம் காரை பெயர்ந்திருந்தது. பூ ஸ்டாண்டை வைத்து மறைத்தோம். நாலு பேர் பேசினார்கள். அப்பாவோடு கால்வாய் வேலை பார்த்த கீழத்தெரு மாமா ஒருவரையும் மேடைக்குக் கூப்பிட்டேன். அவர் மேடை ஏறாமல் கீழேயே நின்று மைக்கை வாங்கி, "அண்ணன் யாரையும் பாதி வயித்தோட எந்திரிக்க விடமாட்டாரு" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாம்பார் வாளியை நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையிலேயே மணிக்கட்டு விண்டுபோனது.

சாயங்காலம் பாத்திரங்களை எண்ணும்போது ஜல்லிக்கரண்டி ஒன்று குறைந்தது. சமையல்கட்டு, குப்பைக்குழி, இலை கொட்டின இடம், எல்லாம் தேடியாயிற்று. "குறைவு 1" என்று என் கையாலேயே எழுதி, அபராதக் கட்டத்தில் 150 போட்டு, பணத்தையும் கொடுத்துவிட்டு ராத்திரி பஸ் ஏறினேன். அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு.

நாலு நாள் கழித்து டேங்க்காரர் போன் செய்தார். "தம்பி, கரண்டி கெடைச்சிருச்சு. மறுநா கீழத்தெருக் காதுகுத்துக்கு அண்டா எடுத்துட்டுப் போனாங்கள்ல, அதுக்குள்ளயே கெடந்துருக்கு. கொண்டாந்து குடுத்துட்டாங்க."

"சரிண்ணே. பணத்தை நீங்களே வச்சுக்கங்க, கண்ணாடி மாத்த ஆகும்" என்றேன்.

"அதெப்படி, நோட்டுல ஏறுன பணம். ஒங்க பேருலயே வரவு வச்சுட்டேன். அடுத்த விசேஷத்துக்கு வருவீங்கள்ல, அப்பக் கழிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மோட்டார் போட நேரமாயிற்று என்று வைத்துவிட்டார்.